ரத்தம் நின்ற அந்த நேரம்

அன்புள்ள ஐயா,

பாம் ரேனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிப் படித்தேன். 1991இல் நடந்த மூளை அறுவை சிகிச்சையில் இதயத்தை நிறுத்தி, தலையிலிருந்து ரத்தத்தையே வடித்துவிட்டார்களாம். அப்போதும் உடலுக்கு வெளியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னாராம். மூளை போனாலும் மனம் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சென்ற மாதம் அப்பா காலமானார். அதனால்தான் கேட்கிறேன்.

க., திருச்சி

அன்புள்ள க.,

இந்த நேரத்தில் உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் மனம் விரும்புகிறது. ஆனால் நீங்கள் சான்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபீனிக்ஸ் நகரில் டாக்டர் ராபர்ட் ஸ்பெட்ஸ்லர் செய்த அந்த அறுவையில் உடல் வெப்பம் சுமார் 16 டிகிரி செல்சியஸுக்கு இறக்கப்பட்டது. மூளை அலைகள் அடங்கின. அதில் ஐயமில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். மண்டையோட்டை அறுத்த ரம்பத்தின் தோற்றம், ரத்தக்குழாய்கள் சிறியவை என்று சொன்ன பெண்குரல் என்று அவர் சொன்னவற்றில் நாம் சரிபார்க்க முடிந்தவை, குளிர்விப்பதற்கு முன்பே நடந்தவை. அப்போது இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கேட்ட பாட்டோ இதயம் மீண்டும் இயங்கிய பிறகு ஒலித்தது. நடுவே எஞ்சுவது ஒளியும், இறந்துபோன பாட்டியும். அவற்றை அவர் எந்த நிமிடத்தில் கண்டார் என்று சொல்ல வழியே இல்லை.

காதுகளை அடைத்து, அவற்றில் ஓயாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் பேச்சு எப்படிக் கேட்டது என்பது என்னையும் உறுத்துகிறது. ஆனால் அந்தப் புதிர் மயக்க மருந்து எவ்வளவு ஆழமாக வேலை செய்தது என்பதைச் சேர்ந்தது. அவருடைய மூளை இறக்கவில்லை, மீண்டது. 2010 வரை வாழ்ந்தார்.

1953இல் ஹென்றி மொலெய்சன் என்பவரின் வலிப்பை நிறுத்த, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் ஒரு பெரும் பகுதியை இருபுறமும் அகற்றினார்கள். 2008இல் இறக்கும்வரை, சற்றுமுன் சந்தித்தவரைக்கூட அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சிறு பகுதி போனதற்கே இப்படி. முழு மூளையும் போன பின் எஞ்சுவது எதுவானாலும், அது உங்களைத் தன் பிள்ளையாக அறியுமா? எனக்குப் பெரிய தடையாக நிற்பது இதுதான்.

உடலுக்கு வெளியிலிருந்து பார்ப்பது உண்மைதானா என்று சோதிக்க, மருத்துவர் சாம் பர்னியாவின் குழு, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்களை மருத்துவமனை அறைகளில் உயரத் தட்டுகளில் வைத்தது. 2014இல் முடிவு வெளியானது. 2060 இதய நிறுத்தங்களில் அந்தப் படத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கண்டும் கேட்டும் நினைவிருப்பதாகச் சொன்ன இருவரும் தட்டு இல்லாத இடங்களில் கிடந்தவர்கள். ஆகவே சோதனை முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. யாராவது ஒருவர் படத்தைச் சரியாகச் சொல்லட்டும், மறுபடி யோசிக்கிறேன். இன்றைக்கு என் பதில், மூளையோடு மனமும் முடிகிறது என்பதே.