நானூறு வீடுகளும் ஓர் அட்டவணையும்: வாசகர் கேள்வி, பேராசிரியர் பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் கும்பகோணத்தில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். ஆறு மாதமாகப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்று வருகிறேன். கல்வெட்டுகளைத் தரவாக்கி ஆராய ஆசை. என் நெறியாளரோ, "எண்ணிக்கொண்டிருப்பது வரலாறு ஆகாது" என்கிறார். அண்ணன், "பேசாமல் டேட்டா சயின்சுக்கே மாறிவிடு, வேலை கிடைக்கும்" என்கிறான். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா?
– முதுகலை மாணவி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். இது நம் பக்கம் புதிதும் இல்லை. நொபொரு கராஷிமா, சுப்பராயலு, தோரு மட்சுய் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி உதவியோடு தொகுத்து, 1978-லேயே மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டுவிட்டார்கள். 849 முதல் 1279 வரையிலான காலத்தை நான்காகப் பிரித்து, 'உடையான்' (நிலம் உடையவர்), 'மூவேந்தவேளான்' (அரசு அதிகாரிகளுக்குத் தரப்பட்டது) போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில் கூடுகின்றன, எப்போது குறைகின்றன என்று பார்த்தார்கள். நிலம் யார் கைக்குப் போனது, அரசு அதிகாரிகள் எப்போது பெருகினார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெளிவானது. ஒற்றைக் கல்வெட்டை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது. அந்தத் தொகுதிகளை நூலகத்திலிருந்து எடுத்துப் போய் உங்கள் நெறியாளரிடம் காட்டுங்கள்.

ஆனால் அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் தலைப்பிலேயே பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியிருந்த கோயில் பெண்கள், 400 பேரின் பட்டியல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற அச்சு நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அதன் வாசகம் இப்படிப் போகிறது: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்று ஓலோகமாதேவீஸ்வரத்து நக்கன் சேரமங்கைக்குப் பங்கு ஒன்று. அடுத்தது இரண்டாம் வீடு, இத்தளி நக்கன் இரணமுகராமிக்குப் பங்கு ஒன்று. தெரு, தெருவின் எந்தப் பக்கம் (சிறகு), வீட்டு எண், வந்த கோயில், பெயர், ஊதியமான நெல் பங்கு என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கட்டம் கட்டிக் கல்லில் வெட்டி வைத்தது போல இருக்கும். முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, இதை அப்படியே கணினிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மிக அதிகமாக வரும் பெயர் 'நக்கன்' என்று சொல்லும். நக்கன் என்பது கோயில் பெண்களின் பெயருக்கு முன்னால் பொதுவாக வரும் அடைமொழி. சேரமங்கை என்பதுதான் அவள் பெயர். அப்புறம் 'இத்தளி' என்றால் மேலே சொன்ன அதே கோயில். மேலே உள்ளதைக் கீழே நிரப்பு என்று ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்தான். ஆனால் நடுவில் ஒரு கோயில் பெயரைத் தவறவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஊர் மாறிவிடுவார்கள். திருவாரூரிலிருந்து வந்தவள் பழையாற்றுக்காரி ஆகிவிடுவாள். வரைபடம் அழகாகத்தான் வரும், தப்பு வெளியே தெரியாது.

ஆண்டுக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். சோழ மன்னர்கள் மாறி மாறி ராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். 'கோப்பரகேசரிக்கு யாண்டு பத்தாவது' (பரகேசரி மன்னரின் பத்தாம் ஆட்சியாண்டு) என்று மட்டும் ஒரு கல்வெட்டு சொன்னால் அது எந்தப் பரகேசரி? எழுத்தமைதி (எழுத்துகளின் வடிவம்), மற்ற செய்திகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரே கட்டம் வைக்காதீர்கள். இந்த ஆண்டுக்கு முன் போகாது, இந்த ஆண்டுக்குப் பின் போகாது, எதை வைத்துச் சொல்கிறேன் என்று மூன்று கட்டங்கள் வையுங்கள்.

நான் முனைவர் பட்டத்துக்கு அட்டைகளில் குறிப்பெடுத்து, பிறகு கணினியில் ஏற்றியவள். ஊர்ப் பெயர்களைச் சீராக்குகிறேன் என்று மூலத்தில் இருந்த எழுத்துகளை அழித்து, என் திருத்தத்தை எழுதிவிட்டேன். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது. நான் ஒன்று என்று சேர்த்த சில ஊர்கள் வேறு வேறு ஊர்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்பிப் போக வழியில்லாமல் அட்டைகளை முதலிலிருந்து பிரித்தேன். மூன்று வாரம் போயிற்று. அதனால் சொல்கிறேன்: அட்டவணையில் அச்சில் உள்ளபடி ஒரு பத்தி (நெடுவரிசை), உங்கள் வாசிப்பு வேறொரு பத்தி. முதல் பத்தியைத் தொடவே கூடாது.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள், அது எந்த வேலைக்கும் உதவும். ஆனால் வரலாற்றை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கல்வெட்டு அளந்து சொல்கிறது. சேரமங்கை விரும்பி வந்தாளா, திருவையாற்றில் யாரை விட்டுவிட்டு வந்தாள் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வரலாறு படித்தவள் வேண்டும். உங்களை மாதிரிப் பெண்கள் அதைக் கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். கல்வெட்டு எழுத்து தெரியாமல் இந்த ஆய்வில் இறங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: அச்சிட்ட தொகுதிகளை வைத்துத் தொடங்கலாம். ஆனால் எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். பழைய எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். பதிப்பாசிரியர் எந்த இடத்தில் தானாக முடிவெடுத்தார் என்பது எழுத்து தெரிந்தால்தான் பிடிபடும்.

கும்பகோணத்து மாணவிக்கு ஒரு வார்த்தை: பைத்தானை ஒரு மாதம் மூடி வையுங்கள். தென்சிறகின் முதல் 25 வீடுகளைக் கையால் அட்டவணையில் ஏற்றுங்கள். எத்தனை இடத்தில் முடிவெடுக்க முடியாமல் நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த இடங்களிலிருந்து உங்கள் முதல் அத்தியாயத்தைப் பேசுவோம்.