சின்ன நாடகக் குழுவில் ஒத்திகைக்குப் போகும்போதே வசனம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் சில நாட்கள் வட்டமாக உட்கார்ந்து பிரதியை வாசிப்பதுதான் வேலை. அப்போதே நெட்டுரு போட்டால் ஒரே ராகம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இயக்குநர் மாற்றச் சொன்னாலும் வராது. எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவானதும் பாதி வசனம் தானாக ஏறிவிடும்.

இடம்? பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடி. சாக்பீஸால் மேடை அளவுக்குக் கோடு, கதவுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நிஜ மேடை கடைசி நாளில்தான் கிடைக்கும், அன்றைக்கும் பாதி நேரத்தை லைட் தின்றுவிடும்.

உடற்பயிற்சியை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, உடம்பை முழுசாக வேலை வாங்கும் தெருக்கூத்தையே நடிகர் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. அப்புறம், வராதவர் வசனத்தையும் நீங்கள் வாசிக்க நேரும். பிரதியில் குறித்துக்கொள்ள பென்சில் எடுத்துப் போங்கள்.