மூன்றாவது முறை நழுவிய தோள்
வணக்கங்க. கபடி ஆடும் உங்கள் 21 வயதுத் தம்பிக்கு மூன்றாவது முறையாகத் தோள் நழுவிவிட்டது, ஆபரேஷன் வேண்டுமா, நாட்டுக்கட்டு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுப் போடுவதை நம்பி நாள் கடத்தாதீர்கள். தோள் குழியின் விளிம்பு ஜவ்வு கிழிந்திருந்தால், இந்த வயதில் திரும்பத் திரும்ப நழுவும். எம்.ஆர்.ஐ.யோடு சி.டி. ஸ்கேனும் எடுத்து, குழி விளிம்பில் எலும்பு தேய்மானம் எவ்வளவு என்று கேளுங்கள். குறைவென்றால் சிறு துளை வழியாக ஜவ்வைத் தைக்கும் பேங்கார்ட் ஆபரேஷன். அதிகமென்றால் பக்கத்து எலும்புத் துண்டை வைத்துத் திருகும் லட்டார்ஜெட் ஆபரேஷன்.

எனக்கும் தோள் நழுவி, செய்தது பேங்கார்ட்தான். பல்லடத்தில் தறி ஓட்டுகிறேன். 5 வாரம் கை கழுத்துப் பட்டையில் தொங்கியது. சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட்டார். அப்புறம் பிசியோ. சுவரில் விரலை ஊர வைத்துக் கையை ஏற்றும்போது கண்ணில் நீர் முட்டும், அந்தப் பயிற்சியை மட்டும் விடவே கூடாதுங்க. கபடிக்கு 6 மாதமாவது ஆகும். டாக்டர் சரி சொல்லும்வரை தம்பியைக் களத்தில் இறக்காதீர்கள்.