க்ரீம் போட்டால் ஆறுகிறது, விட்டால் திரும்புகிறது: ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

கேள்வி: வயது 34, வேளச்சேரி, ஐ.டி. வேலை. முழங்கை மடிப்பு, கழுத்து, கண்ணிமை எல்லாம் அரிப்பு. அடாபிக் டெர்மடைட்டிஸ் (எக்சிமா என்கிற தோல் அழற்சி) என்று முன்பு ஒரு டாக்டர் சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீம் போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது, விட்டால் பத்து நாளில் பழையபடி வந்துவிடுகிறது. ஸ்டீராய்டு என்கிறார்கள், பயமாக இருக்கிறது. கத்தரிக்காய், கருவாடு நிறுத்திவிட்டேன். போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் (கடினத்தன்மை நீக்கும் மெஷின்) வைக்கலாமா?

பதில்: ஸ்டீராய்டு என்றாலே பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது உங்கள் கையில் இருக்கும் அந்த ட்யூபுக்குத்தான். திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசாலோடு நியோமைசின் (ஆன்டிபயாடிக்), மைக்கோனசால் (பூஞ்சை மருந்து) என்று இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்திருந்தால் அது கலவை க்ரீம். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை குளோபெட்டசால். அதைக் கண்ணிமையில் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். நியோமைசின் பலருக்குத் தானே அலர்ஜியைக் கிளப்பும். பூஞ்சை மருந்துக்கு உங்கள் நோயில் வேலையே இல்லை. பூசும் ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்தாயிற்று, அட்டையில் சிவப்புக் கோடும் இருக்கிறது. ஆனாலும் “அண்ணா, அரிப்புக்கு ஒண்ணு குடுங்க” என்றால் எடுத்து நீட்டுகிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை. வாங்குகிறவரின் முகத்தோல்தான் மெலிந்து, சிவந்து எரிகிறது.

விட்டதும் திரும்புவது ஏன் தெரியுமா? மூன்றாம் நாள் நின்றது அரிப்பு மட்டும். தோலுக்குள் அழற்சி இன்னும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முழங்கை மடிப்பை விரலால் தடவுங்கள். பக்கத்துத் தோலைவிடத் தடிப்பாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் மருந்தை நிறுத்தும் நேரம் வரவில்லை. முழங்கைக்கு மொமெட்டாசோன் அல்லது ஃப்ளூட்டிகாசோன் மாதிரி ஒற்றை மருந்து, தினம் ஒரு வேளை, தோல் வழவழப்பாகும் வரை. பொதுவாக ஒன்றிரண்டு வாரம். அதன்பின் அதே இடத்தில் வாரம் இரண்டு இரவு மட்டும், சில மாதங்களுக்கு. இந்த வாரம் இரண்டு நாள் கணக்கைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் எங்கே சொல்வது!

அளவு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். உங்கள் இரண்டு முழங்கை மடிப்புக்கும் தாராளம். கழுத்துக்கு இன்னும் மென்மையான ஸ்டீராய்டு. இமைக்கு டாக்ரோலிமஸ் களிம்பு. அதில் ஸ்டீராய்டு இல்லை. முதல் சில நாள் எரியும், பிறகு அடங்கும். எரிகிறதே என்று பாதியில் விடாதீர்கள். எதை, எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் எழுதித் தரட்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பாவாடை நாடா அல்லது பெல்ட் அழுத்தும் இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே வட்டமாக, ஓரம் சிவந்து மேடாக, நடுவில் ஆறினாற்போல் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அங்கே எந்த ஸ்டீராய்டும் போடக்கூடாது. போட்டால் சிவப்பு மங்கும், அரிப்பு குறையும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். வட்டமும் அழிந்துபோவதால் அடுத்துப் பார்க்கும் டாக்டரும் ஏமாறுவார். முழங்கையில் எக்சிமா, இடுப்பில் படர்தாமரை என்று ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். சென்னை வியர்வையில் இது சகஜம். இரண்டுக்கும் ஒரே ட்யூபைப் போடுவதில்தான் ஆபத்து. வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஓரத்திலிருந்து தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அன்றே தெரியும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசி போட்டால் ஒரே நாளில் அடங்கும் என்பார்கள். அநேகமாக அதுவும் ஸ்டீராய்டுதான். மருந்து தீர்ந்ததும் முன்பைவிட மோசமாகக் கிளம்பலாம். “பக்கவிளைவே இல்லை” என்று சொல்லி, பெயரோ கலவையோ அச்சிடாமல் வரும் மூலிகைப் பொடியிலும் களிம்பிலும் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதுண்டு.

சாஃப்ட்னருக்குப் பணம் போடாதீர்கள். கடினநீர் தோலை உலர்த்தும் என்பது உண்மை. ஆனால் அந்த மெஷினை வீட்டில் பொருத்தி எக்சிமா உள்ள குழந்தைகளிடம் பிரிட்டனில் நடத்திய ஆய்வில் (2011-ல் வெளியானது) கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு மாய்ஸ்சரைசர் வாங்குங்கள். உடல் முழுக்கப் பூச வாரம் கால் கிலோ ஆகும். 50 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டினால் அது பூசாததற்குச் சமம். வாசனை இல்லாதது முக்கியம், விலை முக்கியமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். நைலான் நார், சீயக்காய், கடலை மாவு வேண்டாம். டவலால் ஒற்றி, ஈரம் காயும் முன் மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். கத்திரி வெயிலில் பகலில் பெட்ரோலியம் ஜெல்லி போட்டால் வியர்வை அடைத்து வேர்க்குரு வரும். பகலில் க்ரீம், இரவில் ஏ.சி. அறைக்குக் களிம்பு. ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் வியர்வையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு மீண்டும் பூசுங்கள்.

கத்தரிக்காயும் கருவாடும் “கரப்பான் பண்டம்” (அரிப்பைக் கிளப்பும் உணவு) என்று பெயரெடுத்தவை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் உங்களுக்கே திரும்பத் திரும்ப அரிப்பு கூடாவிட்டால் சாப்பிடலாம். ஐம்பது, நூறு பொருளுக்கு அலர்ஜி டெஸ்ட் பேக்கேஜ் எடுக்காதீர்கள். ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால் அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து ஆறு வாரத்தில் கட்டுக்குள் வராவிட்டால் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட், டூபிலுமாப் என்று அழற்சியை உள்ளிருந்து அடக்கும் மருந்துகள் அடுத்த கட்டமாக இருக்கின்றன. முதல் இரண்டும் ரத்தப் பரிசோதனையோடு கொடுப்பவை, ஒவ்வொன்றின் செலவும் வேறு. தோல் டாக்டரிடம் போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களை, காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.