குறுக்குவில்லின் வில் ஏன் முறிகிறது?

கேள்வி: மரத்தில் கையாலேயே பழைய முறைக் குறுக்குவில் (நீளமான தண்டின் முனையில் குறுக்காக வில்லைப் பொருத்தி, விசையை அழுத்தி எய்வது) செய்து பார்க்கிறேன். இரண்டரை செ.மீ. தடிமன் பலகையில் 60 செ.மீ. நீளத்துக்கு வில்லை அறுத்து, தண்டோடு இரண்டு போல்ட் போட்டு முடுக்கினேன். நாணை 25 செ.மீ. இழுத்தபோது ஒரு பக்கம் சிலாம்பு கிளம்பி முறிந்தது. அதே பலகையில் செய்த இரண்டாவது வில் நடுவில், போல்ட் இருந்த இடத்திலேயே இரண்டாகிவிட்டது. இன்னும் கெட்டியான மரம் வாங்கட்டுமா, இரும்புப் பட்டைக்கு மாறிவிடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முறிந்த துண்டுகளை வைத்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்து முறிவைப் பாருங்கள். முதல் வில்லில் முறிவு சாய்வாக, நீளமாக ஓடியிருக்கும். விரலால் தடவினால் நாரின் நுனிகள் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். அந்த இடத்தில் நார் பலகையின் நீளவாக்கில் ஓடாமல், குறுக்கே சாய்ந்து வெளிமுகத்தில் வந்து முடிந்திருக்கிறது. வளையும்போது வில்லின் முதுகு, அதாவது அம்பு போகும் திசையைப் பார்த்த முகம், இழுபடுகிறது. உங்களைப் பார்த்த வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. முதுகில் அறுபட்ட நார் ஒன்று இருந்தாலும் அங்கிருந்துதான் சிலாம்பு கிளம்பும். மரம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

அதனால்தான் பழைய வில் தச்சர்கள் மரத்தை அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். ரம்பம் கோடு போட்ட இடத்தில் போகும், ஆப்பு நார் போன இடத்தில் போகும். பிளந்த துண்டில் பட்டையை உரித்து, அதற்கடுத்த ஏதாவது ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்து, அந்த ஒரே வளையம் முனையிலிருந்து முனைவரை முதுகாக இருக்கும்படி சீவுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஓரிடத்தில் அடுத்த வளையத்துக்குள் இறங்கிவிட்டால், முழு முதுகையும் அந்த வளையத்துக்கு இறக்கியாக வேண்டும். கணு வந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் அதிகமாக மரம் விட்டுவிடுங்கள். வளையம் மேடுபள்ளமாகப் போனால் வில்லும் அப்படியே போகட்டும், நேராக்க நினைக்காதீர்கள்.

மரம் என்று கேட்டால் ஆஷ், எல்ம், ஹிக்கரி மூன்றும் தாங்கும். ஐரோப்பாவின் பழைய மர வில்களில் யூ மரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அதன் வெளிறு, அதாவது பட்டைக்கு அடுத்த வெளிமரம், இழுவையை நன்றாகத் தாங்கும்; வைரம், அதாவது உள்மரம், நசுங்கலைத் தாங்கும். ஒரே கட்டையில் முதுகுக்கு வெளிறும் வயிற்றுக்கு வைரமும் கிடைக்கிறது. எந்த மரமானாலும் உலர்ந்திருக்க வேண்டும். வெட்டியவுடன் இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசுங்கள், இல்லாவிட்டால் முனை வெடிக்கும். அப்புறம் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்று சில வாரங்கள் ஆனால் வேலையைத் தொடங்கலாம். ஈர மரத்தில் செய்த வில் முறியாமல் இருக்கலாம், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும்.

இரண்டாவது வில் முறிந்தது துளையால். நானும் என் முதல் வில்லை இப்படித்தான் இழந்தேன், அதுவும் மூன்று வாரம் இழைத்த ஒன்றை. குறுக்குவில்லில் அதிகச் சுமை விழுவது வில்லின் நடுவில்தான். அங்கே துளை போட்டால் நாரை நாமே அறுக்கிறோம். தண்டின் முன்பக்கம் வில் உட்காரும் அளவு ஒரு பள்ளம் வெட்டி, நடுவில் மெல்லிய தோல் வைத்து, தண்டில் போட்ட துளை வழியாகக் கயிற்றைக் கோர்த்து வில்லைச் சுற்றிக் கட்டுங்கள். பல சுற்று போட்டபின், தண்டுக்கும் வில்லுக்கும் இடையில் அந்தச் சுற்றுகளையே குறுக்காகச் சேர்த்து இறுக்கினால் கட்டு அசையாது. ஆணி, திருகு எதுவும் வில்லைத் தொடக் கூடாது.

அளவிலும் ஒரு தவறு இருக்கிறது. வில்லிலிருந்து நாண் 6 செ.மீ. தள்ளி நின்றதாக வைத்தால், நீங்கள் 25 இழுக்கும்போது மொத்தம் 31 செ.மீ. ஆகிறது. 60 செ.மீ. வில்லிடம் இது கேட்கக் கூடாத வளைவு. வில்லின் நீளம் என்பது, இழுப்பு முடியும் இடம் வில்லிலிருந்து எவ்வளவு தூரமோ அதைப் போல் மூன்று மடங்கு, அதோடு கட்டுக்குள் வளையாமல் இருக்கும் நடுப்பகுதி என்று கணக்குப் போடுங்கள். உங்களுக்கு ஒரு மீட்டர் வரும். தடிமன் முடிவில் வில்லின் கைகளின் (நடுவிலிருந்து இருபுறமும் நீளும் பகுதிகளின்) நடுவே ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இருந்தால் போதும், அகலம் 4 முதல் 5 செ.மீ. வலு வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டுங்கள். அகலம் இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்காகும், ஆனால் அதே வளைவில் மேற்பரப்பு நார் படும் இழுவையும் இரட்டிக்கும். உங்கள் இரண்டரை செ.மீ. பலகை வளைய இடமே இல்லை.

முதல் வில்லுக்கு 25 அல்லது 30 கிலோ இழுவிசை போதும். 30 கிலோவை 25 செ.மீ. இழுத்தால் கிடைக்கும் ஆற்றல், ஏறத்தாழ 50 கிலோவை 15 செ.மீ. இழுத்தால் கிடைப்பதுதான். மர வில்லுக்கு நீண்ட, மென்மையான இழுப்பு நல்லது.

இனி உண்மையான வேலை: வளைவைச் சமன்படுத்துவது. சுவரில் ஒரு கட்டையைப் பதித்து வில்லை அதில் உட்கார வைத்து, நாணைக் கயிறும் கப்பியும் போட்டுத் தூரத்தில், பக்கவாட்டில் நின்று இழுங்கள். கொக்கித் தராசு ஒன்றையும் இடையில் மாட்டிவிடுங்கள். முதலில் 5 செ.மீ. மட்டும். இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா, எந்த இடம் தட்டையாக நிற்கிறது என்று பாருங்கள். தட்டையான இடத்தில் வயிற்றுப் பக்கம் மட்டும் சுரண்டுங்கள், முதுகைத் தொடாதீர்கள். அதிகம் வளையும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் இருபது, முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த மரத்தின் விளைவு அரை மணி கழித்துத்தான் தெரியும், அதற்குள் அளவுக்கு மேல் சுரண்டியிருப்பீர்கள். குறிவைத்த கிலோவைத் தராசு தொட்டால் அதற்கு மேல் இழுக்காதீர்கள், சுரண்டிவிட்டு இழுங்கள். வயிற்றில் மயிரிழை போல் குறுக்குச் சுருக்கம் தெரிந்தால் அங்கே மரம் நசுங்கத் தொடங்கிவிட்டது, அந்த வில்லை நம்ப வேண்டாம்.

இழுத்த நாணைப் பிடித்து வைத்து, விசையை அழுத்தினால் சுழன்று அதை விடும் உருளையை (இதைக் கொட்டை என்பார்கள்) செய்ய மான்கொம்பு போன்ற கெட்டியான பொருளும் நுணுக்கமும் வேண்டும். தென்கிழக்கு ஆசிய மலைமக்களின் வில்களில் இருக்கும் முறை எளிது: தண்டின் மேல் ஒரு வெட்டு, அதில் நாண் உட்காரும், கீழிருந்து விசை அதை மேலே தள்ளிவிடும். அந்த வெட்டின் முன்விளிம்பு சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் நாண் தானே நழுவும். நாணுக்குச் சணல் முறுக்கு அல்லது பாலியெஸ்டர் நூல் போதும். கொஞ்சம்கூட நீளாத நவீன இழைகளின் அதிர்ச்சி மர வில்லுக்கு ஆகாது.

இரும்புப் பட்டை பற்றி: சாதா இரும்பு வளைந்து நின்றுவிடும். ஸ்பிரிங் எஃகு முறிந்தால் துண்டு பறக்கும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் எஃகு வில்கள் பரவியபோது அதற்கென்று தேர்ந்த கொல்லர்கள் இருந்தார்கள்.

அம்பில்லாமல் ஒருமுறைகூட விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி வந்து அதை உடைக்கும். கட்டைவிரல் தண்டின் மேல்விளிம்புக்கு மேலே எழாமல் பிடியுங்கள், நாண் போகும் வழி அது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மண்மேட்டின் முன் வைத்த இலக்கில் மட்டும் எய்யுங்கள். குறுக்குவில் வைத்திருப்பதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தை மரம் பிளக்கும் முன்பே கேட்டு வையுங்கள். அடுத்த வில்லின் படத்தை 10 செ.மீ. இழுப்பில் எடுத்து அனுப்புங்கள், எங்கே சுரண்டுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.