கிட் காட்டும் எண் யாருடையது?

கேள்வி: ரத்தத்தில் எல்.எல்-37 என்ற நோய் எதிர்ப்புப் பெப்டைடை (சின்னப் புரதத் துண்டை) அளக்க எலிசா கிட்கள், அதாவது ஆன்டிபாடி என்ற புரதத்தால் ஒரு பொருளைப் பிடித்து அளக்கும் சோதனைப் பெட்டிகள், கடையிலேயே கிடைக்கின்றனவே, அப்புறம் எதற்குப் புதிதாக ஆன்டிபாடி தயாரிக்க மெனக்கெடுகிறார்கள்?

பதில்: கிட் எண் காட்டும், அதில் குறையில்லை. எதன் எண் என்பதில்தான் தகராறு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இந்தப் பெப்டைடை நேரடியாகச் சேமித்து வைப்பதில்லை. ஹெச்கேப்-18 என்ற பெரிய புரதமாக வைத்திருக்கின்றன. அது செல்லுக்கு வெளியே வந்ததும் புரோட்டினேஸ்-3 என்ற நொதி அதை வெட்ட, வால் பக்கத்து 37 அமினோ அமிலங்கள் தனியே பிரிகின்றன. அதுதான் எல்.எல்-37. ஆக, அது முழுசாகத் தாய்ப் புரதத்துக்குள்ளேயும் இருக்கிறது. பெப்டைடின் நடுப்பகுதியைப் பிடிக்கிற ஆன்டிபாடிக்கு வெட்டியது, வெட்டாதது இரண்டும் ஒன்றுதான்.

வெட்டு விழுந்த பிறகுதான் ஒரு புது முனை வெளியே தெரியும்: லியூசின் என்ற அமினோ அமிலம் இரண்டு. அந்த முனையை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி வேண்டும். முனையின் சில அமினோ அமிலங்களைச் செயற்கையாகச் செய்கிறார்கள்; அவ்வளவு சின்னத் துண்டைத் தனியாக எலிக்குச் செலுத்தினால் அதன் உடல் சட்டை செய்யாது என்பதால் ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது லியூசின் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மாற்றி ஒட்டினால் மொத்த உழைப்பும் வீண். பிறகு கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் காட்டிய ஹைபிரிடோமா வழியில், அதாவது ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து வளர்த்து, குளோன்களை (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களை) பிரிக்கிறார்கள். எல்.எல்-37-ஐப் பிடிக்கும் குளோனைத் தேடுவது பாதி வேலைதான். தாய்ப் புரதத்தையும் பிடிப்பவற்றைத் தூக்கி எறிவது மீதி. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது சோதனையைக் காட்டாத கிட்டை வாங்கவே கூடாது.

சரி, நல்ல ஆன்டிபாடி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் பெப்டைடுக்கு நேர் மின்சுமை அதிகம், குழாய்ச் சுவரிலும் ஒட்டும், பிளாஸ்மாவில் (செல்களை நீக்கிய ரத்தத் திரவத்தில்) ஏபோ ஏ-1 புரதத்தோடும் சேர்ந்துகொள்ளும், அப்படி ஒளிந்தது ஆன்டிபாடியின் கண்ணில் படாமலே போகலாம். அதனால் தெரிந்த அளவைப் பிளாஸ்மாவில் கலந்து அளந்து பார்ப்பார்கள். 100 போட்டு 40 வந்தால், நோயாளியின் எண்ணையும் அந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

கேள்வி: சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம்) எடுப்பதா, பிளாஸ்மாவா?

பதில்: பிளாஸ்மா. சீரத்துக்காக ரத்தத்தை உறையவிட்டால், குழாய்க்குள்ளேயே நியூட்ரோஃபில்கள் சரக்கைக் கொட்டிவிடக்கூடும். அப்புறம் அளப்பது உடலில் நடந்ததையா, குழாயில் நடந்ததையா? பிளாஸ்மாவையும் சீக்கிரம் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: வைட்டமின் டி சாப்பிட்டால் எல்.எல்-37 கூடுமாமே?

பதில்: மனித செல்களில் வைட்டமின் டி இதன் ஜீனைத் தூண்டுவது உறுதி. மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கூடுகிறதா என்றால் ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுகிறது. அடுத்த முறை அப்படி ஒரு ஆய்வைப் படித்தால், அளந்தது வெட்டிய வடிவத்தையா, மொத்தத்தையா என்று செய்முறைப் பகுதியில் முதலில் தேடுங்கள்.