மகனும் நானும் ஒரே போட்டியில்

கேள்வி:

எனக்கு 41 வயது. போக்கிமான் கார்டு ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் 13 வயது மகன். அவனுக்கு எதிரே உட்கார ஆள் இல்லையே என்று ஆரம்பித்தேன். இப்போது எனக்கென்று தனி டெக்கே (ஆடுவதற்கான 60 கார்டுக் கட்டு) வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் ஒரு கன்வென்ஷனில் நடக்கும் போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். முன்பு ஒரு சின்னப் போட்டியில் இரண்டு தவறு செய்தேன். எனக்கு எதிரே ஆடிய பத்து வயதுப் பையன் ஒரே டர்னில் இரண்டு எனர்ஜி (போக்கிமான் தாக்குவதற்கு வலு தரும் கார்டு) போட்டான். குழந்தைமேல் போய்ப் புகார் சொல்வதா என்று பேசாமல் இருந்து தோற்றேன். அப்புறம் மகன் ஆடும்போது பின்னால் நின்று, "டேய், அதைப் போடுடா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஜட்ஜ் வந்து எச்சரித்தார். வீடு வரும்வரை மகன் என்னோடு பேசவில்லை. இந்த முறை நான் ஆடலாமா, வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா? எனக்கும் அவனுக்குமே ஆட்டம் விழுந்தால் விட்டுக்கொடுக்கலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

கண்டிப்பாக ஆடுங்கள். நீங்கள் வேடிக்கை பார்க்க நின்றால்தான் ஆபத்து என்று உங்கள் கடிதமே சொல்கிறது. பேச வேண்டிய மேஜையில் வாயை மூடிக்கொண்டீர்கள், மூட வேண்டிய மேஜையில் பேசிவிட்டீர்கள். இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்தது. எதிராளி இரண்டாவது எனர்ஜி போட்டதைக் கண் பார்த்துவிட்டதே, அப்புறம் ஆட்டம் தெரியுமா தெரியாதா என்ற கவலை உங்களுக்கு எதற்கு?

முதலில் அந்தப் பத்து வயதுப் பையன். நீங்கள் அவனுக்கு இரக்கம் காட்டியதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருக்கும் எனர்ஜி கார்டை ஒரு டர்னில் ஒருமுறைதான் போடலாம் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. அது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அவசரத்தில் மறந்திருக்கலாம். நீங்கள் அந்த நொடியே சொல்லியிருந்தால் அந்தக் கார்டு கைக்குத் திரும்பியிருக்கும், அவனும் கற்றுக்கொண்டிருப்பான். சொல்லாததால் அடுத்த ரவுண்டிலும் அதையே செய்திருப்பான். அங்கே எதிராளி உங்களைப்போல இருந்திருக்க மாட்டார். இரண்டு மூன்று டர்ன் தாண்டிவிட்டால் ஆட்டத்தைப் பின்னால் இழுக்கவும் முடியாது. அப்போது கிடைக்கும் தண்டனை குழந்தைக்கு உறைக்கும்படி இருக்கும்.

அதோடு, மேஜையில் கார்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இரண்டு பேருடைய பொறுப்பும்தான். எதிராளியின் தப்பைப் பார்த்தும் பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் அதுவே ஒரு குற்றம்.

ஜட்ஜ் என்ற சொல்லில்தான் சிக்கல். அதைக் கேட்டதும் நமக்குக் கோர்ட்டும் கூண்டும் ஞாபகம் வருகிறது. இங்கே ஜட்ஜ் என்பவர் விதிகளை நன்றாகப் படித்துவிட்டு மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பவர், அவ்வளவுதான். ஒரு கார்டில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால்கூட அவரைக் கூப்பிடலாம். ஒருமுறை நானே ஆறு பிரைஸ் கார்டுகளை (ஆட்டத் தொடக்கத்தில் தனியே கவிழ்த்து வைத்து, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பவை) எடுத்து வைக்க மறந்து ஆடத் தொடங்கிவிட்டேன். எதிரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையைத் தூக்கி "ஜட்ஜ்!" என்றாள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. அவர் வந்தார், டெக்கைக் கலைக்கச் சொன்னார், மேலிருந்து ஆறு கார்டு வைக்கச் சொன்னார், கையிலிருந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் "ஓகே அங்கிள், உங்க டர்ன்" என்றாள். மூச்சு விடும் நேரத்தில் முடிந்த விஷயத்துக்கு நான் அன்று முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்!

கூப்பிடும் முறையும் எளிதுதான். ஆட்டத்தை நிறுத்துங்கள், கார்டைத் தொடாதீர்கள். "ஒரு நிமிஷம்ப்பா, இதை ஜட்ஜிடம் கேட்டுக்கலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுக் கையைத் தூக்குங்கள். அவர் வந்ததும் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவன் ஏமாற்றினான் என்றெல்லாம் போக வேண்டாம். தீர்ப்பு தவறு என்று பட்டால் தலைமை ஜட்ஜிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேச்சு நீண்டு நேரம் போனால், போன நேரத்தைச் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். இதைப் பலரும் கேட்க மறந்துவிட்டுக் கடைசி டர்னில் கையைப் பிசைவார்கள்.

ஜட்ஜ் வரை போகாமலே பாதித் தகராறைத் தவிர்க்க ஒரு பழக்கம் இருக்கிறது. நீங்கள் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். "இந்த டர்ன் எனர்ஜி இதுக்கு", "சப்போர்ட்டர் கார்டு போடுகிறேன்", "அட்டாக், 120", "முடிச்சாச்சு". நீங்கள் சொல்லச் சொல்ல எதிரில் இருக்கும் குழந்தையும் தன்னையறியாமல் சொல்ல ஆரம்பிக்கும். அவன் "எனர்ஜி" என்று இரண்டாவது தடவை வாயைத் திறக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொள்வான். கேட்கவும் கூச்சப்படாதீர்கள். எதிராளியின் கையில் எத்தனை கார்டு, எத்தனை பிரைஸ் பாக்கி, டிஸ்கார்டில் (ஆடி ஒதுக்கிய குவியலில்) என்ன கிடக்கிறது, எல்லாமே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சீட்டு வெட்டுவதும் அப்படித்தான். எதிராளி கலைத்து முடித்ததும் டெக்கை உங்கள் பக்கம் நீட்டினால் "பரவாயில்லை" என்று மரியாதைக்காகத் திருப்பித் தராதீர்கள். வாங்கி வெட்டிக் கொடுங்கள், அல்லது நன்றாகக் கலைத்தே கொடுங்கள். உங்கள் டெக்கைக் கலைக்கும்போது மேஜைமேல் ஏழெட்டு குவியலாகப் பிரித்து அடுக்குவதைக் கலைத்தல் என்று நம்பிவிடாதீர்கள். அது எண்ணிப் பார்க்க உதவும், அவ்வளவே. 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விடும் முறையில் ஏழு தடவை கலைத்தால்தான் நன்றாகக் கலைகிறது என்று பேயர், டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். உங்களுடையது 60 கார்டு, ஒன்று கூடப்போட்டாலும் தவறில்லை.

இப்போது மகன் மேஜை. அங்கே நீங்கள் செய்தது, தாயாகப் பார்த்தால் இயல்பு. போட்டி விதிப்படி வெளியாள் உதவி. ஆடுகிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்லக்கூடாது. சொன்னது ஒரே சொல்லாக இருந்தாலும், கண்ணைக் காட்டியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். எச்சரிக்கையோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். பெரிய போட்டிகளில் இதற்கு ஆட்டமே போய்விடலாம், அதுவும் வாய்விட்டவருக்குப் போகாமல் கேட்டவனுக்குப் போகலாம். அவன் வீடு வரும்வரை பேசாததில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். அந்த ஆட்டத்தில் அவன் அடுத்து எது செய்திருந்தாலும் அது அம்மா சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிட்டதே.

அதனால்தான் ஆடுங்கள் என்றேன். நீங்கள் உங்கள் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் நிற்க முடியாது. இந்தப் போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் ஜூரிக் நகரத்துச் சதுரங்கப் போட்டி ஒன்றில் வந்த முறை. தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை. ஒரே அளவு புள்ளி உள்ளவர்கள் அடுத்த ரவுண்டில் மோதுவார்கள். ஆக முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் கடைசி ரவுண்டு வரை உங்களுக்கும் நாற்காலி உண்டு. உங்கள் ஆட்டம் சீக்கிரம் முடிந்து அவன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் நேராகக் கடைகள் பக்கம் போய்விடுங்கள். கன்வென்ஷனில் அதற்காகத்தானே அத்தனை ஸ்டால். போக மனம் வரவில்லை என்றால் அவன் பார்வையில் படாத தூரத்தில் நில்லுங்கள். அங்கிருந்து ஒரு விதிமீறல் கண்ணில் பட்டால் மேஜைக்குப் போகாமல் ஜட்ஜிடம் போய் மெதுவாகச் சொல்லுங்கள்.

இருவருக்குமே ஆட்டம் விழுமா? பெரிய போட்டிகளில் ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று பிறந்த ஆண்டை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். நீங்கள் மாஸ்டர்ஸில் இருப்பீர்கள், அவன் இருக்க மாட்டான். ஆள் குறைவாக இருந்தால் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ஆட வைப்பார்கள். பத்து வயதுப் பையன் உங்களுக்கு எதிரே வந்தது அப்படித்தான். சேர்த்துவிட்டால் மகனும் வரலாம்.

விட்டுக்கொடுக்க விதி இடம் தருகிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். கூடாதது பேரம். "நீ எனக்கு விட்டுக்கொடு, அந்த பூஸ்டர் பாக்ஸை வாங்கித் தருகிறேன்" என்று வீட்டில் பேசுகிற பாணியில் சொல்லிவிட்டால் அது லஞ்சம், இருவரையும் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள். காசு சுண்டி யார் ஜெயித்ததாக எழுதுவது என்று முடிவு செய்வதும் அதே வகை. பிள்ளைகளோடு பேரம் பேசியே பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

என்னைக் கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். நீங்கள் எந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவீர்கள் என்று அவனுக்கு அத்துப்படி. நீங்கள் வேண்டுமென்றே அட்டாக் செய்யாமல் விட்டால் இரண்டாவது டர்னிலேயே கண்டுபிடித்துவிடுவான். அதற்கப்புறம் வீடு வரும்வரைக்கும் என்ன, ஒரு வாரத்துக்குப் பேச்சு இருக்காது. ஒன்று மட்டும் கவனம்: தெரிந்தவரோடு ஆடும்போது கதை பேசிக்கொண்டே நேரத்தை விட்டுவிடுவோம். ஜெயித்தால் 3 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1. சமன் செய்து எழுந்தால் குடும்பத்துக்கே நஷ்டம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்வென்ஷன் அரங்கில் சத்தம் அதிகம், மைக்கில் சொல்வது காதில் விழாது. அடுத்த ரவுண்டு மேஜை எண்ணை எங்கே ஒட்டுகிறார்கள், அல்லது எந்த ஆப்பில் போடுகிறார்கள் என்று வந்தவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் முப்பது பேர் என்றால் ஐந்து ரவுண்டு வரும். ஒரே ஆட்டமாக நடந்தால் ரவுண்டுக்கு 30 நிமிடம், மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்கும் முறை என்றால் 50 நிமிடம். இடைவெளியையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும் என்று வைத்துக்கொண்டு, சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு இடம் தரை, மேஜை இல்லை. பையின் வாரை நாற்காலிக் காலிலோ உங்கள் காலிலோ மாட்டிவையுங்கள். கூட்டத்தில் முதலில் காணாமல் போவது கார்டு ஆல்பம்தான். மகன் காஸ்ப்ளே உடையில் (கதாபாத்திர வேடத்தில்) வரப்போகிறான் என்றால் கையுறை மட்டும் வேண்டாம். கையுறையோடு 60 கார்டைக் கலைக்க முயன்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், பாதி டெக் பக்கத்து மேஜையில் கிடந்தது.

ஸ்லீவ் (கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை) புதிதாகப் போடுங்கள், எல்லாம் ஒரே பாக்கெட்டிலிருந்து. ஒன்றிரண்டு மட்டும் ஓரம் மடங்கியிருந்தால் அடையாளம் வைத்த கார்டு என்று சந்தேகம் வரும். எந்தெந்தக் கார்டு இந்த ஆண்டுக்குச் செல்லும் என்பதை அதன் கீழ்மூலையில் உள்ள சின்ன எழுத்தை வைத்துச் சரிபாருங்கள்; வீட்டில் ஆடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை.

டெக்கில் ஒரே ஒரு பிரதி வைத்திருக்கும் முக்கியமான கார்டு இருக்கிறதா? 60இல் 6 பிரைஸில் போய்விடுவதால், பத்து ஆட்டத்தில் ஒன்றில் அது அங்கே முடங்கிக் கிடக்கும். முதல்முறை டெக்கைத் தேடும் வாய்ப்பு வரும்போதே எது எது காணவில்லை என்று பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பேசிக் போக்கிமான் (ஆட்டம் தொடங்கக் கையில் ஒன்றாவது இருக்க வேண்டிய கார்டு) 12 வைத்திருந்தாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தடவை முதல் ஏழு கார்டில் ஒன்றுகூட வராது. டெக் கெட்டுவிட்டது என்று பதறாமல் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலையுங்கள்; ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம், அவ்வளவுதான்.

டெக் லிஸ்ட் எழுதித் தரச் சொன்னால் முந்தின நாள் இரவே எழுதிவிடுங்கள். கார்டின் பெயரோடு எந்த செட் (அது வெளியான தொகுப்பு), என்ன எண் என்பதும் வேண்டும். 59 என்றோ 61 என்றோ எழுதிக் கொடுத்துவிட்டு ஆடாமலே ஒரு ஆட்டத்தை இழந்தவர்கள் உண்டு. அவரவர் எழுதியதை அவரவர் எண்ணினால் தவறு தெரியாது. உங்கள் லிஸ்டை மகன் எண்ணட்டும், அவனுடையதை நீங்கள் எண்ணுங்கள். அவன் டெக்குக்கு ஏதாவது யோசனை சொல்ல ஆசையாக இருந்தால் அந்த இரவிலேயே சொல்லி முடித்துவிடுங்கள்.